மேரி பார்க்கர் பாலெட் அம்மையார்

இரசாயன நூல் பயில்வோர்க்குச் சோதனைச்சாலை உண்டு. வைத்திய நூல் பயில்வோர்க்கு மருத்துவசாலை உண்டு. தொழில் நிர்வாகத்தை ஒரு நூலாகக் கொண்டு ஆராயப் புகுவோர்க்கோ அங்ஙனம் தமக்கென அமைந்த இடம் யாதுமில்லை. அவர் ஆராய வேண்டுவன பிறருடைய தொழிற்சாலைகளும், பிறர் இடும் கட்டளைகளும், அக்கட்டளைகளைக் கேட்டு மனம் புழுங்குவோரின் உள்ளங்களுமாம். கண்டு தெளிந்தவற்றைச் சொல்லுதற்கும் ஓர் இடம் வேண்டும். தொழில் நடத்துவோர் முன்னிலையிற் சொல்லி, அவர் மறுப்பைக் கேட்டு, மீண்டும் ஆராய்ந்து, மீண்டும் சொன்னாலன்றி அவ்வாராய்ச்சி ஏட்டுச் சுரைக்காயாய் முடியும். இத்தகைய இடங்களைத் தேடிச் சென்று, எந்தச் சர்வகலாசாலையிலும் ஆசிரியப் பதவி வகியாமலே, நிர்வாக நூலுக்கு அடிகோலியவருள் ஒருவராய் எண்ணப்படும் பெருமாட்டி ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு எழுதத் துணிந்தேன். அவரே மேரி பார்க்கர் பாலெட் அம்மையார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கே, மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில், பாஸ்டன் நகரை அடுத்துக் குவின்ஸி என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1868-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதி இவர் பிறந்தார். தாயார் செல்வக் குடியிற் பிறந்தவர், ஆயினும் நோயாளி. தந்தையார் 1885-இற் காலஞ்சென்றார். ஆகவே வீட்டுப் பொறுப்பும் பணக் கணக்கும் இளமையிலேயே இவர்மேற் சுமந்தன. அயலூராகிய பிரெயின்ட்ரீயில் இருந்த தேயர் பள்ளியில் இவர் கல்வி பயின்றார். அங்கே சரித்திர ஆசிரியையாய் இருந்த ஆன்னா பாயின்டன் தாம்ஸன் என்பார் இவரது நுண்ணறிவைக் கண்டு மேற்படிப்புக்கு ஊக்கினார். நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தலின் பயனை நம் மாணாக்கர்க்கு யான் சொல்ல வேண்டுவதில்லை.

அக்காலத்தில் ஹார்வர்டு சர்வகலாசாலை பெண்களைச் சேர்ப்பதில்லை. அதன் பேராசிரியர் சிலர் தனியே வந்து பெண்களுக்குப் பாடஞ் சொல்லும் ஏற்பாடு ஒன்று மட்டும் அருகே நடைபெற்றது. அதுவே 1894-இல் ராட்கிளிப் கலாசாலை எனப் பெயர் பெற்றது. பாலெட் 1888-இல் அங்கே சேர்ந்தார். 1890-இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென அமைந்த நியூன்ஹாம் கலாசாலையில் ஓராண்டு தங்கினார். அக்கலாசாலையின் சரித்திர சங்கத்தில் ஒரு நாள் இவர் வியாசம் ஒன்று வாசித்தார். அமெரிக்கப் பிரதிநிதி சபையின் தலைவரைப் பற்றியது அது. தாயாரின் நோய் காரணமாகப் பரீட்சை எழுதாமலே தாயகம் திரும்ப நேர்ந்தது. ஆயினும் அவ்வியாசத்தை இவர் விட்டாரில்லை. முன்னாட் சபைத் தலைவர்களை நேரிற் கண்டு உசாவினார். சபையின் நடவடிக்கைக் குறிப்புக்களைத் துருவினார். 1896-இல் அவ்வியாசம் ஒரு நூலாய் வெளிவந்தது. பின்னாளில் ஐக்கிய நாடுகளின் தலைவராய் விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் சரித்திரப் பத்திரிகை ஒன்றில் அதற்கு மதிப்புரை எழுதிப் பாராட்டினார். அப்போது இவர் இன்னும் பட்டம் பெற்றிலர் என்பது வியப்பன்றோ! 1898-இலேதான், முப்பதாம் வயதை எட்டும்போது, மிக உயர்ந்த சிறப்புடன் ராட்கிளிப்பிற் பட்டம் பெற்றார்.

நம் கலாசாலைச் சங்கங்களிலும் வியாசங்கள் வாசிக்கப்படுகின்றன. கேட்போர் பதின்மராயினும், அவருள் மூவர் உறங்கினும், வாசித்தவர் அதனைப் பெட்டியிற் பூட்டாது வைத்திருப்பின் என்னாகும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

நிற்க. இத்துணைப் புலமை வாய்ந்தவர் ஒரு கலாசாலையில் அமர்ந்து சரித்திரம் போதித்திருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழவில்லை. பாஸ்டனைச் சார்ந்த ராக்ஸ்பரி என்னும் பகுதியில் உழைப்பாளர் குடும்பங்கள் நிறைந்திருந்தன. 1900-இல் அங்குள்ள இளைஞர்க்காக இவர் ஒரு விவாத சங்கம் அமைத்தார். பகலெல்லாம் உழைத்த இளைஞர் மாலையிற் கூட இடம் வேண்டுமே! பொது இடங்களுக்குப் பஞ்சம். சாராயக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இந்நிலையில் இவர் கண்ணுக்கு ஒன்று புலப்பட்டது. பிள்ளைகள் வீடு சென்றபின் நகரத்துப் பள்ளிக்கூடங்கள் யாவும் இருளடைந்து வெறுமையாய்க் கிடந்தன. பொதுமக்கள் வரிப்பணத்தாற் கட்டிய மாளிகைகள் அவை. அவற்றின் கதவை மாலையிலும் திறந்தால் என்ன? 1908-இல் மாதர் நகர சங்கத்தார் இதற்கென ஒரு குழுவை ஏற்படுத்தி இவரைத் தலைவராக்கினர். மூன்றாண்டு முயற்சியின் பின், 1911-இல், கிழக்குப் பாஸ்டன் உயர்தரப் பாடசாலையில் முதல் மாலைக் கூடம் திறக்கப்பட்டது. இசையும் நாடகமும் விவாதமும் அங்கே நடந்தன. அவற்றைத் தாமே நடத்திக்கொள்ளும் பொறுப்பு இளைஞரிடமே விடப்பட்டது.

பாலெட் அம்மையாரின் ஆராய்ச்சிக்கு இக்கூடங்களே முதற் சோதனைச்சாலையாயின. பத்துப் பேர் கூடி ஒன்றைத் துணியும்போது அங்கே உண்மையில் நிகழ்வது யாது? பெரும்பான்மையோர் சிறுபான்மையோரை அடக்குகின்றனரா? அன்றி, கூடி வரும்போது எவர் மனத்திலும் இல்லாத புதுக் கருத்தொன்று பேச்சினிடையே பிறக்கின்றதா? இவ்வினாக்களை இவர் மாலைதோறும் கண்ணாரக் கண்டு சிந்தித்தார். இளைஞர்க்கு வேலை தேடித் தரும் நிலையங்களிலும் உழைத்தமையால் முதலாளிகளுடன் பழக நேர்ந்தது. 1912-இல் மாசச்சூசெட்ஸ் மாகாணம் அமெரிக்காவிலேயே முதன்முதலாகக் குறைந்த கூலிச் சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தின்படி அமைந்த கூலிக் குழுக்களில் முதலாளிகளும் தொழிலாளரும் ஒரே மேசையைச் சூழ்ந்திருப்பர். பொதுமக்கள் சார்பிலும் சிலர் இருப்பர். அம்மையார் பொதுமக்கள் சார்பில் அங்கே அமர்ந்தார். வழக்கிடும் இரு திறத்தாரையும் இத்துணை அருகிருந்து நோக்கும் வாய்ப்பு எத்தனை பேராசிரியர்க்குக் கிடைத்தது?

மாலைக் கூடங்களைப் பற்றிய ஓர் அறிக்கையாகத் தொடங்கிய எழுத்து வளர்ந்து, 1918-இற் புதிய அரசு என்னும் நூலாயிற்று. 1924-இல் ஆக்க அனுபவம் என்னும் மற்றொன்று வந்தது. இரண்டாவது நூலில் இவர் வற்புறுத்தும் கருத்தைப் பந்தாட்டத்தால் விளக்குகின்றார். டென்னிஸ் ஆட்டத்தில் நாம் அடிக்கும் பந்து எதிரியின் அடியைத் தீர்மானிக்கின்றது. அவன் அடி நம் அடுத்த அடியைத் தீர்மானிக்கின்றது. அவன் விடையளிப்பது முன்னிருந்த நமக்கன்று. அவனோடு ஆடி மாறிவிட்ட நமக்கே. முதலாளி தொழிலாளி உறவும் இத்தகையதே என்பது இவர் துணிபு. ஆதலின் ஒருவரை மட்டும் தனியே நிறுத்தி ஆராய்தல் பயனற்றதாகும்.

இந்நூல் தத்துவ ஆசிரியர்களைவிடத் தொழில் நடத்துவோரையே மிகுதியாய்க் கவர்ந்தது. நியூயார்க்கில் ஹென்றி மெட்காப் என்பவர் தொழில் நிலையத் தலைவர்களைக் கூட்டி விரிவுரைகள் நடத்தி வந்தார். அவர் அழைப்பின்பேரில் 1925-ஆம் ஆண்டு ஜனவரியில் அம்மையார் அங்கே நான்கு விரிவுரைகள் நிகழ்த்தினார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. தொழிற்சாலை எதனையும் அவர் நடத்தியதில்லை. எதிரே அமர்ந்திருந்தோர் ஆயிரக்கணக்கானோரை வேலை வாங்கிப் பழகியவர்.

முதல் விரிவுரை சச்சரவைப் பற்றியது. சச்சரவு தீது என்றே நாம் எண்ணுகின்றோம். அம்மையார் அதனை நன்றென்றுங் கூறவில்லை, தீதென்றுங் கூறவில்லை. இருவர் வேற்றுமை வெளிப்படும் இடம் அது என்று மட்டுங் கொண்டார். உராய்வு இயந்திரத்தைத் தேய்க்கும். ஆயினும் பிடிலில் வில்லின் உராய்வே இசையாகின்றது. அவ்வாறே சச்சரவையும் வேலை செய்ய வைக்கலாம் என்றார். சச்சரவு தீரும் வழிகள் மூன்று. ஒருவர் மற்றவரை அடக்குதல் முதலாவது. இருவரும் சிறிது சிறிது விட்டுக்கொடுத்தல் இரண்டாவது. இவ்விரண்டாவதை நாம் பெருந்தன்மை எனப் போற்றுகின்றோம். அம்மையாரோ அதனையும் ஏற்றாரல்லர். இருவர்க்கும் பாதி ஏமாற்றமே மிஞ்சுதலின் அச்சச்சரவு மறுநாள் மீண்டும் முளைக்கும் என்பர். மூன்றாவது, இருவர் வேண்டுவதும் முழுமையாய் நிறைவேறும் புது வழி ஒன்றைக் காண்டல். அதனை ஒருங்கிணைத்தல் என்று கூறலாம்.

இதற்கு அவர் காட்டிய உதாரணம் மிகச் சிறியது. ஹார்வர்டு நூல்நிலையத்தின் சிற்றறை ஒன்றில் அவரும் மற்றொருவரும் படித்துக்கொண்டிருந்தனர். மற்றவர் சாளரத்தைத் திறக்க விரும்பினார். அம்மையார் மூடியிருக்க விரும்பினார். முடிவில், எவரும் இல்லாத அடுத்த அறையின் சாளரத்தைத் திறந்தனர். மற்றவர் வேண்டியது காற்று. அம்மையார் வேண்டியது வாடைக்காற்று தம்மேல் நேரே வீசாமை. இருவர் விருப்பமும் நிறைவேறின. சாளரத்தைப் பாதி திறந்திருப்பின் இருவரும் முணுமுணுத்திருப்பர்.

மற்றோர் உதாரணம் பால்காரர்களுடையது. கூட்டுறவுப் பால் நிலையம் ஒன்று சரிவான இடத்தில் இருந்தது. மேட்டிலிருந்து வண்டியோடு இறங்குவோரும், பள்ளத்திலிருந்து ஏறி வருவோரும், தத்தம் பாற்குடங்களை முன்னே இறக்க உரிமை தமக்கே என்று வழக்கிட்டனர். சங்கமே உடையும் நிலை வந்தது. எவரை முன்னே விடுவது என்று இரு கட்சியாரும் தலையை உடைத்துக்கொண்டிருக்கையில், இறக்கும் மேடையின் இடத்தை மாற்றினால் இரு திறத்தாரும் ஏககாலத்தில் இறக்கலாமே என்னும் யோசனை வந்தது. மேடை மாற்றப்பட்டது, வழக்கும் ஒழிந்தது. வழக்கிட்டவர் எவர்க்கும் முன்னர் இது தோன்றவில்லை. மேடை அங்கேயேதான் இருக்க வேண்டும் என்று அனைவரும் எண்ணியிருந்தனர்.

இரண்டாம் விரிவுரை கட்டளையிடுதலைப் பற்றியது. என் அபிப்பிராயத்தில் அம்மையாரின் சொற்பொழிவுகளில் தலைசிறந்தது இதுவே. தோணியில் நீர் புகும்போது, இறைத்து ஊற்றும்படி நமக்குக் கட்டளையிடுபவர் யார்? படகோட்டியா? இல்லை, புகும் நீரே கட்டளையிடுகின்றது. படகோட்டி அதனை நம்மினும் ஒரு கணம் முன்னே கேட்டவர், அவ்வளவே. தோணி உதாரணம் யான் சேர்த்தது, கருத்து அம்மையாருடையது. மேலாளனும் தொழிலாளியும் சேர்ந்து நிலைமையை ஆராய்ந்தால், ஒருவர்க்கொருவர் கட்டளையிடாது இருவரும் நிலைமையின் கட்டளைக்கே பணிவர். அதனால் மானமும் கெடாது, வேலையும் கெடாது.

இவ்விரிவுரையின் இடையே அவர் கேட்போரிடம் ஒன்றை வேண்டினார். கட்டளையிடும் முறைகள் எவை என்பதை முதலில் உணர்க. எம்முறையைக் கையாளுவது என்பதைப் பொறுப்புடன் துணிக. துணிந்தபின் அதனைச் சோதனையாகச் செய்து விளைவைக் குறித்து வைக்க. பின்னர் அனைவரும் தத்தம் குறிப்புக்களை ஓரிடத்தே கொண்டுவந்து சேர்க்க. இதுவே அவர் வேண்டுகோளின் சாரம். தொழில் நிர்வாகம் மருத்துவம் போன்ற ஒரு கௌரவத் தொழிலாக வேண்டுமாயின், நிர்வாகிகள் தம் அனுபவத்தை எழுதி வகைப்படுத்தி, தம்முட் கூடி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும் என்று மற்றொரு விரிவுரையிலும் வற்புறுத்தினார். வணிகர் தம் அனுபவத்தைத் தொழில் இரகசியமாய் மறைத்து வைக்கும் வழக்கமுடையவர். அவரிடம் போய்ப் பலர் முன்னிலையில் அதனைத் திறந்து வைக்குமாறு கேட்டல் எளிய காரியமன்று.

தாமும் அவ்வாறே நடந்தார். விரிவுரை முடிந்ததும் கேட்டோரை மடக்கி அவர்தம் தொழிற்சாலையில் நிகழ்ந்தவற்றை வினவுவார். அங்கே கேட்ட செய்தி அடுத்த விரிவுரையில் உதாரணமாய் ஏறும். அவர் நூல்களில் உதாரணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் இதுவே.

1926-ஆம் ஆண்டு டிசம்பரில் டெய்லர் சங்கத்தார் முன்னிலையில் இவர் பேசினார். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தால் அளந்து ஆராய்ந்த பிரெடெரிக் டெய்லரின் கொள்கையைப் பரப்ப 1912-இல் தோன்றிய சங்கம் அது. அவர் 1915-இல் மறைந்தபின் அவர் பெயரே அதற்கு இடப்பட்டது. பெரும்பாலும் இயந்திரப் பொறியாளர் கூடும் அச்சபையிற் சென்று, இறுதி அதிகாரம் ஒருவர் கையில் உளது என்பது வெறுந் தோற்றமே என்று இவ்வம்மையார் வாதித்தார். அதிகாரம் பதவியிற் பிறப்பதன்று, வேலையிற் பிறப்பது. தலைவர் கையெழுத்திடும் முன்னரே கீழுள்ள பலர் அறிவாலும் ஆராய்ச்சியாலும் அம்முடிவு உருவாகிவிடுகின்றது என்றார். சங்கத்தார் அவ்வுரையைத் தம் பத்திரிகையில் அச்சிட்டனர்.

அம்மையாரின் கொள்கையில் எனக்கொரு குறை தோன்றுகின்றது, மறையாது கூறுவல். அவர் பேசிய அவைகளிற் பெரும்பாலன முதலாளிகளும் நிர்வாகிகளும் கூடியவை. தொழிலாளர் கூடிய அவைகளில் அவர் பேசியது குறைவு. சாளரத்தின் அருகே அமர்ந்த இருவரும் நிகரானவர். ஒரு வாரக் கூலி நின்றால் பட்டினி கிடக்க வேண்டியவனும், ஓராண்டு ஆலையை மூடினும் உண்ணக் குறைவில்லாதவனும் வழக்கிடும்போது, அடுத்த அறைச் சாளரம் அத்துணை எளிதில் அகப்படுமா? எல்லாச் சச்சரவும் இவ்வழியில் தீரா என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஒருவரை அடக்கி ஆளும் வலிமை வேறு, ஒருவரோடு கூடிப் பெருக்கும் வலிமை வேறு என்று அழகாகப் பிரித்தும் காட்டினார். முன்னதை உடையவர் அதனைத் தாமே கைவிடுவார் என்று அவர் சற்று மிகுதியாகவே நம்பினார் போலும்.

1926-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இன்பமும் துன்பமும் கலந்த ஆண்டு. இஸபெல் பிரிக்ஸ் என்னும் அம்மையாருடன் முப்பதாண்டுகளாக ஒரே இல்லத்தில் வாழ்ந்து வந்தார். இவருடைய எழுத்துக்களை முதலிற் கேட்டுத் திருத்தம் சொல்பவர் அவரே. அவ்வாண்டுத் தொடக்கத்தில் அத்தோழியார் இறந்தார். அதே ஆண்டில் இங்கிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. யார்க் நகரத்துக் கோக்கோத் தொழில் முதலாளி சீபோம் ரௌன்ட்ரீ என்பவர் ஆக்ஸ்போர்டில் பேலியல் கலாசாலையிலே தொழில் நிர்வாகிகளைக் கூட்டி மாநாடுகள் நடத்தி வந்தார். பாலெட் அங்கே சென்று பேசினார். லிண்டல் அர்விக் என்னும் இளம் நிர்வாகி, மெலிந்து முதிர்ந்த இவ்வம்மையார் தொழிலைப் பற்றி யாது சொல்லப்போகின்றார் என்று ஐயத்துடனேயே அவரைச் சந்தித்தார். சில நிமிஷப் பேச்சில் அவ்வையம் பறந்தது. ஆயுள்முழுதும் அவர் பாலெட்டின் மாணாக்கராயினார்.

பின்னர் அம்மையார் லண்டனில் காதரின் பர்ஸ் சீமாட்டியாருடன் குடியேறினார். 1933-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லண்டன் பொருளாதாரக் கலாசாலையில், புதிதாய்த் தோன்றியிருந்த தொழில் நிர்வாகப் பகுதியில், ஐந்து விரிவுரைகள் நிகழ்த்தினார். பட்டம் பெற்று முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், ஒரு சர்வகலாசாலை இவ்வாராய்ச்சிக்கெனவே தன் கதவைத் திறந்தது. உடலோ அதற்குள் தளர்ந்துவிட்டது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பாஸ்டனுக்குத் திரும்பினார். அங்கே சத்திர சிகிச்சை செய்யப்பெற்று, டிசம்பர் மாதம் 18-ஆம் தேதி உயிர் நீத்தார். அறுபத்தைந்து வயதே ஆகியிருந்தது.

மூன்றாண்டு கழித்து, 1936-இல், அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் நிர்வாக நூல் போதித்த ஆசிரியர் சிலர் தம்முட் கூடி ஆராய்ச்சிகளை வாசித்து விவாதிக்கத் தமக்கென ஒரு கழகம் கண்டனர். அகாடமி ஆப் மானேஜ்மென்ட் என்னும் அக்கழகம் இன்று உலகமெங்கும் உறுப்பினரை உடையது. 1958 முதல் ஆராய்ச்சிப் பத்திரிகையும் நடத்துகின்றது. பாலெட் அம்மையார்க்கு அத்தகைய கழகமும் இல்லை. வழிவழி மாணாக்கரை உண்டாக்கும் பதவியும் இல்லை. ஆதலின் அவர் பேச்சுக்கள் அச்சங்கத்தின் பத்திரிகையிலும் இக்கூட்டத்தின் தொகுதியிலுமாகச் சிதறிக் கிடந்தன. மெட்காபும் அர்விக்கும் அவற்றைத் தேடித் தொகுத்து, உலகப் போரின் நடுவே, 1941-இல் ஒரு நூலாக வெளியிட்டனர். லண்டன் விரிவுரைகள் அச்சேற மேலும் எட்டாண்டுகள் சென்றன. 1949-இல் அர்விக் அவற்றைப் பதிப்பித்தார். அதன்பின் இங்கிலாந்தில் சிலரும் ஜப்பானில் சிலரும் அவரைப் படித்து வந்தனராயினும், பிறந்த நாட்டில் நெடுங்காலம் அவர் பெயரை நினைப்பார் அரியராயினர். 1995-இல் பாலின் கிரகாம் என்னும் அம்மையார் அவருடைய எழுத்துக்களை மீண்டும் தொகுத்து ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பதிப்பகத்தார் வாயிலாக வெளியிட்டார். ஹார்வர்டு சேர்க்காத மாணவியின் நூல் அது. முன்னுரை எழுதியவர் நிர்வாக நூல் வல்லுநருள் அந்நாளில் முதல்வராய் விளங்கிய பீட்டர் டிரக்கர்.